நான்கு மூலைகள்

பாசிர் பாஞ்சாங். நாற்பது மீட்டர் உயரம்.
கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை,
அதற்குக் கீழே கம்பி, கம்பியின் முனையில்
ஆடிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டம்.
சட்டத்தின் நான்கு பூட்டுகளும்
பெட்டியின் நான்கு துளைகளில்
ஒரே நேரத்தில் உட்கார வேண்டும்.
மூன்று உட்கார்ந்தால் பச்சை விளக்கு எரியாது.

செவ்வாய்க்கிழமை, பாலஸ்டியர் பக்கம் ஒரு விகாரையில்
உட்கார மெத்தை கொடுத்து
மூச்சின் மேல் மனத்தை வை என்றார்கள்.
அப்படி வைப்பதற்குப் பாலியில் ஒரு சொல்லாம்,
விதக்க.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினொரு வருடமாக
மணிக்கு இருபத்தெட்டுத் தடவை
வைத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

மூக்கு நுனி. இறக்கினேன். தவறியது.
வீட்டுத் தவணை, முழங்கால்,
முன்னால் இருந்த தாதியின் காலுறையில் ஓட்டை.
மறுபடி.
காற்றடிக்கும் இரவுகளில் பழகியது கைகொடுத்தது:
ஆட்டத்தை எதிர்த்து இழுக்கக் கூடாது.
சட்டம் போகும் பக்கமே நாமும் போய்
அதன் தலைக்கு நேர் மேலே நின்றால்
ஆட்டம் தானே செத்துவிடும்.
போனேன். நின்றேன்.
ஒரே ஒரு மூச்சில்
நாலு மூலையும் உட்கார்ந்தது,
டக்.

அது எனக்குத் தெரிந்த சத்தம்.
துறைமுகத்தில் கேட்டதல்ல.

வேதமாணிக்கம் எண்ணாயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு
ஜொகூருக்குப் போய் மூன்று வருடம்.
பல் துலக்கும்போது,
லிஃப்ட் ஏழாம் மாடியைத் தாண்டும்போது,
மகள் கணக்குத் தாளை நீட்டிக்கொண்டு நிற்கும்போது
அவன் முகத்தின் மேல்
ஒரே இறக்கில், பிசகாமல்,
நாலு மூலையும் உட்கார வைத்தவன் நான்.
யாரும் சொல்லித் தரவில்லை.
மெத்தை தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் பால்மாவா பட்டாசா என்று
பூட்டு கேட்பதில்லை.
துளை சரியாக இருந்தால் திரும்பிக்கொள்ளும்.

இன்று இரவு ஷிப்ட். கப்பல் தாமதம்.
கீழே ஹைருல் ரேடியோவிலேயே கொட்டாவி விடுகிறான்.
நெம்புகோலிலிருந்து கையை எடுத்து
மூச்சின் மேல் இறக்குகிறேன்.
வந்து நிற்பது வேதமாணிக்கத்தின் வழுக்கை.
சரி.
அவன் ஆடும் பக்கமே கொஞ்ச தூரம் போகிறேன்.
நேர் மேலே நின்று பார்க்கிறேன்.
பூட்டைத் திருப்பவில்லை.
வெறும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு
பக்கத்து வரிசைக்கு வருகிறேன்,
அங்கே மூச்சு
இத்தனை நேரமும் இறக்க ஆளில்லாமல்.

பணம் எனக்கு இன்னும் வேண்டும்.
அது வேறு விஷயம்.