ஆறடிக்கு நாலு விரல் குறைச்சல்

டிராக்டரும் டிப்பரும்தான் என்றார் இவர்.
மூணு டன் ஏறும், அறுப்பில் வாடகைக்கு ஓடும்,
வாசலில் நின்றால் ஒரு மதிப்பு.
குட்டியானை போதும் என்றான் மச்சினன்.
ஒரு கல்யாண ஆர்டருக்கு அது மூணு நடை,
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
மூணு நடையும் காத்து நிற்க
எனக்கு ஆயுசு பத்தாது.

பிக்கப் எடுங்க அக்கா என்றான் புரோக்கர் கலியமூர்த்தி.
மன்னார்குடி ஸ்டாண்டில் ஒன்று நிற்கிறது,
எஃப்சி இன்னும் பதினோரு மாசம்,
பின் டயர் இரண்டும் புதுசு,
மீன் ஏத்தினதே இல்லை, சத்தியமா.

தொட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தேன்.
ஏற்றியிருக்கிறார்கள்.

எல்லாரும் டன் கணக்குப் பேசுகிறார்கள்.
எந்த மாசத்து டன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
சித்திரையில் ஒரு டன் சவுக்கு
தொட்டிக்கு மேலே கும்பாரமாய் நிற்கும்.
ஐப்பசியில் அதே டன்
பாதித் தொட்டிக்கு வராது, மிச்சம் தண்ணீர்.
"தண்ணியையா எடை போட்டு விக்கிறீங்க?" என்று
கூத்தாநல்லூர் தாஜுதீன் பாய்
தேக்சாவுக்கு அடியில் புகைகிற கட்டையைக் காட்டினார்.
கால்வாசிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.
ஆகவே தார்ப்பாய் கட்டக் கொக்கி வேண்டும்,
பக்கத்துக்கு ஆறு.

மண்டபத்து வாசலில் எந்த வண்டியும் நுழையும்.
டீக்கடைக்காரர் நாளைக்கு என்றாலும் பொறுப்பார்.
பன்னீரின் போன் மட்டும் விடியும் முன்னே வரும்.
"அக்கா, ஒண்ணு. மழை. நாலு மணிக்குள்ள."
யாரென்று கேட்க மாட்டேன்.
ஆள் கனமா என்பேன்.

கோரையாற்றங்கரையில்
ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல்,
சுடுகாட்டுக்கு முன்னால் ஒரு மதகு.
நேற்று தாம்புக்கயிறு கொண்டுபோய்
அதன் இரண்டு சுவருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன்.
ஆறடிக்கு நாலு விரல் குறைச்சல்.

டிப்பர் அதோடு போச்சு.
இத்தனை வருஷமும் வாடகை டிராக்டர்
மதகுக்கு இந்தண்டையே நின்றுவிடும்,
அங்கிருந்து தலைச்சுமை, நானும் பன்னீரும்.
போன கார்த்திகையில் ஒரு நாள்
பாடை முந்திக்கொண்டது, விறகு பிந்திவிட்டது.
இறக்கி வைத்த இடத்தில் அவர் நனைந்துகொண்டிருந்தார்.
மகன் பேங்கில் வேலை.
பேசாமல் வந்து
எங்களோடு கட்டை தூக்கினான், ஏழெட்டு நடை.
இறக்குகூலியில் அவன் பங்கைக் கழிப்பதா என்று
எனக்குத் தெரியவில்லை.
கழிக்கவில்லை.
இப்போதும் தெரியவில்லை.

பிக்கப் ஐந்தடி ஏழங்குலம்.
இரண்டு பக்கமும் ஆளுக்கொரு விரல் இடம்.
"போயிடும். ஆனா அங்க வண்டி திருப்ப இடமில்லையே?"
கலியமூர்த்தி சிரித்தான்:
"அங்க போறவங்க யாருக்கா திரும்புறாங்க?"

நான் திரும்பணும்.
மத்தியானம் மண்டபத்துக்குப் புளி லோடு இருக்கிறது.

அதனால் ஓட்டிப் பார்க்கச் சாவி வாங்கியவள்
முன்னால் ஓட்டவே இல்லை.
ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
ரிவர்ஸிலேயே போனேன்,
கழுத்தைத் திருப்பி, ஒரு கை இருக்கையின் முதுகில்.
டிப்பர் என்றால் இடது என்றால் வலது போகும்,
மாமியார் வீட்டுக்குப் புதிதாய் வந்த மருமகன் மாதிரி.
இது சொன்ன பக்கம் போனது.
மூணாவது முறை
இரண்டு செங்கல்லுக்கு நடுவே விட்டுப் பார்த்தேன்.
ஆட்டோக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே
குடிக்க மறந்து நின்றார்கள்.

நாலு லட்சத்துப் பத்தாயிரம்.
மீனுக்குப் பத்தாயிரம் தள்ளு என்றேன்.
ஏத்தலேன்னேனே அக்கா என்றான்,
தள்ளினான்.

வரும் வழியில் கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ், ஐம்பதுக்கு மேல் எண்ணி விட்டுவிட்டேன்.
இவர் பக்கத்தில் உட்கார்ந்து
டிராக்டரைப் பற்றி இன்னும் ஒரு தடவை சொன்னார்,
சின்னக் குரலில்.

கொல்லையில் நிறுத்தி விளக்கை அணைத்ததும்
இரண்டு பூனைகள் தாவித் தொட்டிக்குள் இறங்கின,
மூலை மூலையாய் மோந்து
கடைசியில் அங்கேயே படுத்துக்கொண்டன.
விரட்டவில்லை.
போன் வரும்வரை கிடக்கட்டும்.