பேசாத எழுத்து

டூங்காபி பள்ளி மண்டபத்தை
ஞாயிறு பின்னேரம் மூன்று மணிநேரம் வாடகைக்கு எடுக்கிறோம்.
பிங்பாங் மேசைகளை ஓரம் தள்ளினால்
அது ஆலயம்.
ஐந்து மணிக்குத் திரும்ப இழுத்துவைக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள்.
ஜூலை மழை. காருக்குள் நான்.
தொலைபேசியில் ஒரு பியானோ
அதே எட்டுக் கட்டைகளைச் சுற்றிச் சுற்றி.
இருபத்தாறு நிமிடமாகக் காத்திருப்பு.

எனக்கு என்ன தெரியும்?
ஜெனுஷ் பாடுவதை நிறுத்திவிட்டான் என்று தெரியும்.
ஒன்பது வயது.
நாற்காலியில் ஏறி நின்று
மனப்பாட வசனம் முழங்கினவன்
பங்குனியிலிருந்து சுவரோடு முதுகை ஒட்டி உட்காருகிறான்.
இன்று இந்த மழையில்
"சாலமன் அங்கிளின் வான் வேண்டாம்,
நான் நடந்தே போறன்" என்றான்.
வீடு மூன்று கிலோமீட்டர்.
சப்பாத்து நாடாவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.
நாடா அவிழ்ந்திருக்கவில்லை.

அவ்வளவுதான்.

மூப்பர்களிடம் சொன்னேன், மேசைகளை இழுத்தபடியே.
"மழையில நனைய ஆசைப்படாத பொடியன் ஆர், பாஸ்டர்?"
"மண்டப வாடகைக்கு உத்தரவாதம் போட்டது அந்த மனுசன்."
"முதல்ல மூண்டு நாள் உபவாசம் இருப்பம்."
அருமைராஜா ஒன்றும் சொல்லவில்லை.
மேசையின் தன் பக்கத்தைப் பொத்தென்று போட்டுவிட்டுக்
கார்ச்சாவி தேடினார்.

பரமட்டாவில் ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன்.
காகிதக் குவளையில் ஆறிப்போன காப்பி,
சட்டப் பட்டியலில் ஆசிரியர், மருத்துவர், தாதி
என்று வந்து, அங்கே நான்.
நிரூபிப்பது உங்கள் வேலையல்ல என்றாள் நடத்தியவள்.
சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் போதும்.
பின்வரிசையில் அடுத்த பிரசங்கத்துக்குக்
குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.
சான்றிதழ்
பிஸ்கட் அலுமாரியின் உட்கதவில் ஒட்டியிருக்கிறது.

அதற்கும் முன்னால் ரெபேனாவின் தாய்.
ஆராதனை முடிந்து வந்து
"பாஸ்டர், பிள்ளை இப்ப ராத்திரியில..." என்று தொடங்கினாள்.
நான் அவள் தலையில் கை வைத்துவிட்டேன்.
நல்ல ஜெபம். நீளமான ஜெபம்.
ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது
அவள் மிச்ச வாக்கியத்தை விழுங்கியிருந்தாள்.
நன்றி என்றாள்.
தை மாதம் மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள்.
ரெபேனாவையும் அந்த வான்தான் ஏற்றி இறக்கியது.
இதை மூப்பர்களிடம் சொல்லவில்லை.
இந்தப் பியானோ இல்லாவிட்டால்
எனக்கே சொல்லியிருக்க மாட்டேன்.

பியானோ நின்றது.
ஒரு பெண், களைத்த குரல், அவசரமில்லை.
உங்கள் பெயர்?
ஞானமுத்து என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னாள்.
ஜீ, என், ஏ...
ஜீ பேசாத எழுத்தா என்றாள்.
ஆமாம், இங்கே பேசாது.
முப்பது வருடமாக இந்த நாட்டில்
அதற்காக மன்னிப்புக் கேட்டபடி இருக்கிறேன்.
இவளிடமும் கேட்டேன்.

உங்கள் பெயரை வெளியே சொல்லமாட்டோம் என்றாள்.
எங்கள் சபையில் நாற்பத்திரண்டு பேர்.
நாளை மறுநாள் யார் என்று
கீபோர்டுக்கே தெரிந்துவிடும்.

குழந்தையின் பெயர்?

அப்போதுதான் விளக்கொளி
கண்ணாடியில் வழியும் தண்ணீரோடு திரும்பியது.
வெள்ளை வான்.
சாலமன் குடையில்லாமல் ஓடிவருகிறார்,
மண்டபச் சாவியைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு,
தந்துவிட்டுப் போக மறந்த நல்ல மனிதன்.
கண்ணாடியைத் தட்டுகிறார்.
கையைக் காதருகே மடக்கி
யாரோடு என்று சிரித்தபடி கேட்கிறார்.

ஐயா, இருக்கிறீர்களா, என்கிறது தொலைபேசி.

இருக்கிறேன்.
அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே
கண்ணாடியை இறக்காமல்
ஜே, என்கிறேன். ஈ. என்.