‘ஃபார்’ என்ற சொல்லுக்குப் பின்

ட்ரூரோ நகரில் மரண விசாரணை, இரண்டாம் நாள்.
ஹீட்டர் ஓடவில்லை.
கோட்டைக் கழற்றாமலே தட்டச்சு செய்கிறாள் கெரன்சா.

கடலில் போனவன் டென்சில் நான்காரோ.
படகுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர், மோர்வென்னா.
படகு முப்பத்தெட்டுப் பாகம் ஆழத்தில்.
மனைவி இரண்டாம் வரிசையில்,
மடியில் ஈரக் குடை.

நமக்குப் படகு அது.
அவர்களுக்கு ‘ஷீ’.
வலை ‘இட்’, நங்கூரம் ‘இட்’,
பிடித்துவந்த கானாங்கெளுத்தி அத்தனையும் ‘இட்’.
கடலுக்குள் ஆளைச் சுமந்து போவது மட்டும் ‘ஷீ’.

ஆகவே ஜாகோ ஹாஸ்கிங்,
கரை சேர்ந்த ஒரே ஆள்,
“அவளுக்கு முப்பத்தொரு வயசு,
குளிரில் கிளம்பவே மாட்டாள்,
ஆனாலும் வேறொருத்தியை அவன் பார்த்ததில்லை”
என்றபோது
முதலில் சிரித்தது அந்த ஈரக் குடைக்காரிதான்.
மற்றவர்கள் பிறகு, அனுமதி கிடைத்ததுபோல்.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை.
சுட்டுப்பெயர் வேண்டாம், மிஸ்டர் ஹாஸ்கிங்.
யார் எது என்று பதிவில் தெரிய வேண்டும்.

கெரன்சா திருத்துகிறாள்.
‘ஷீ’ வந்த இடமெல்லாம் ‘மேற்படி படகு’.
‘ஹீ’ வந்த இடமெல்லாம் ‘இறந்தவர்’.

காலை நான்கு பத்துக்கு இறந்தவர் தேநீர் போட்டார்.
இறந்தவர் பம்பைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.
இறந்தவருக்குப் பசித்தது.
‘ஹீ’ என்று இருந்தவரை
இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி இருந்தது அவனுக்கு.
விரல் நின்றது ஒரு கணம்.
அப்புறம் அடித்தாள். சம்பளம் அதற்குத்தான்.

இடச் சொற்களை யாரும் திருத்தச் சொல்லவில்லை.
இன், ஆன், ஓவர், அண்டர்.
இரண்டெழுத்தும் நாலெழுத்துமான பொடிசுகள்.
நாம் படகைச் சொல்லிவிட்டுத்தான்
படகுக்குள் போவோம்.
அங்கே ‘உள்ளே’ முதலில் கால் வைத்துவிடுகிறது,
எதன் உள்ளே என்பது
பின்னாலிருந்து வந்து சேர வேண்டும்,
‘தி’ என்ற காவலாளோடு,
சில சமயம் பழைய, நீல, ஒழுகுகிற என்று
மூன்று நான்கு மூட்டை தூக்கிக்கொண்டு.

ஜாகோ தொடர்ந்தான்.
மிதவையில் என்னோடுதான் இருந்தான்.
கயிறு என் கையில்.
ஹீ வெண்ட் பேக் ஃபார்

அவ்வளவுதான்.
வெளியே பேருந்து ஒன்று பின்னோக்கி வந்து
பீப் பீப் என்றது.
நம் மொழியில் என்றால் இப்படித் தப்பித்திருக்க முடியாது.
‘காக’ வருமுன்
எதற்கு என்பது வாயிலிருந்து விழுந்திருக்கும்.

எதற்காக, மிஸ்டர் ஹாஸ்கிங்?
அவளுக்காகவா?

முப்பத்தொரு வயதுப் படகை
யார் கையில் எடுத்துவர முடியும்?
சுக்கான் அறையில் ஒரு புகையிலை டப்பா,
ஒரு படம், சார்ஜில் போட்ட போன்.
ஜாகோ மேசையைப் பார்த்தான்.
காற்று, அம்மா, என்றான்.
கேட்கவில்லை.

கெரன்சாவின் திரையில்
‘ஃபார்’ அடியில் நீல நெளிகோடு.
வாக்கியம் முடியவில்லை என்கிறது இயந்திரம்.
ஒரு கோடு போட்டாள்.
கோட்டை அழித்தாள்.
மறுபடி போட்டாள்.

மாலை நடைகூடத்தில்
நகல் வாங்கக் கையெழுத்திட்ட மோர்வென்னா
அந்தப் பக்கத்தில் விரல் வைத்தாள்.
இப்படி முடிவது தப்பா?
பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள் என்றாள் கெரன்சா.
நியூலினில் தப்பில்லை, கண்ணு, என்றாள் அவள்.

இல்லைதான்.
ஆள் எங்கே என்று கேட்க அந்தக் கரையில்
‘வேர் இஸ் ஹீ டு’ என்பார்கள்.
‘டு’வுக்குப் பின் ஒன்றும் வராது,
யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.
இருபத்தாறு வருடம்
மீன் ஏலக் கூடத்துக்கு போன் செய்து
அவள் கேட்ட கேள்வி அது.

குடையை விரித்தாள். மழை விட்டிருந்தது.