ஆறு திருகாணி

ஈயச் சட்டை எட்டுக் கிலோ.
அதை மாட்டினால் மே மாதத்து யாழ்ப்பாணம்
முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.
தியேட்டர் ஏசிக்கு அது விளங்காது.

மேசையில் இடது கால்.
மஞ்சள் மருந்து பூசி, பச்சைத் துணிக்கு வெளியே
அது மட்டும் தனியாக,
யாருடையதும் இல்லாத ஒரு கால் போல.
உரியவர் துணிக்கு அந்தப் பக்கம்
விழித்தே கிடக்கிறார்.
தவறஞ்சினி, நாற்பத்தொன்று,
லீசிங் கொம்பனிக்குத் தவணை அறவிடுபவர்.
அராலிப் பாலத்தடியில் மாட்டுக்கு விலத்தி
ஸ்கூட்டியோடு சரிந்தவர்.
முதுகில் போட்ட ஊசியில்
இடுப்புக்குக் கீழே எல்லாம் விறைப்பு.
'மாட்டுக்கு ஒண்டும் இல்லையே?' என்று
மயக்க மருந்து டொக்டரிடம்
இரண்டாம் தரம் கேட்கிறார்.

டொக்டர் நிமலரூபன் காலைப் பார்ப்பதில்லை,
என் திரையைத்தான் பார்ப்பார்.
'படம்.'
மிதிக்கிறேன்.
கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில்
பிழிந்த துணியின் முறுக்குப் போலச்
சுற்றிக்கொண்டு ஏறும் முறிவு.
'இழும்.'
பயிற்சி டொக்டர் குதிக்காலைப் பிடித்து இழுக்கிறார்,
கொஞ்சம் உள்ளே திருப்புகிறார்.
திரையில் இரண்டு சாம்பல் நிழல்கள்
ஒன்றையொன்று தேடி, தவறி,
பிறகு பொருந்துகின்றன.

முன்பென்றால் பாரை மீனைப் பிளப்பது போல
நீளத்துக்குப் பிளந்திருப்பார்கள்.
இவர் உள்கணுக்கால் மொழியில்
இரண்டு விரல் அகலம் கீறுகிறார். அவ்வளவுதான்.
அதற்குள்ளால் தகடு போகிறது,
தோலுக்கும் எலும்புக்கும் நடுவால், மெதுவாக,
பூட்டிய கதவின் கீழால்
கடிதம் தள்ளுவது போல.
'முறிஞ்ச இடத்தில உறைஞ்ச ரத்தம்
அப்பிடியே கிடக்கட்டும். அதிலதான் புது எலும்பு பிடிக்கும்.
கிண்டக் கூடாது.'
பயிற்சி டொக்டர் தலையாட்டுகிறார்.
படம். படம். கொஞ்சம் மேலே. படம்.

மேலே நகர்த்தியபோதுதான் கண்டேன்:
முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சதைக்குள்,
நெல்மணியை விடப் பெரிதாய்
ஒழுங்கில்லாத ஒரு வெள்ளை.
நாங்கள் வைக்கும் எதற்கும்
அப்படி ஒரு கோணல் இருக்காது.
துளைகருவி நின்றது.
மிஸ்ஸி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
'பழசு,' என்றார் டொக்டர். 'வழியில இல்லை.
அடுத்த ஆணி.'

பதினாறு வருஷம் இந்த ஊரின் திரைக்கு முன்னால் நிற்கிறேன்.
இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுக்கும்போது,
சிறுநீரகக் கல்லைத் தேடும்போது
வந்து நிற்கும், கூப்பிடாமல்.

மறுநாள் தள்ளுவண்டியில்
எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவந்தார்கள்.
படத்தைக் காட்டச் சொன்னார்.
'எத்தினை ஆணி, தம்பி?'
'ஆறு.'
'காசு எண்ணுற ஆள் நான். எனக்கு ஏழு வருது.'

நான் வாய் திறக்க முதல்
அவரே விரலை அந்த வெள்ளைக்கு மேல் வைத்து மறைத்தார்.
'இது என்ர பழைய கணக்கு.
உங்கட கொப்பியில ஏத்த வேண்டாம்.'

தகடு ஒன்று, திருகாணி ஆறு என்று எழுதினேன்.

'எப்ப கால் ஊண்டலாம்?'
'ஆறேழு கிழமை ஆகும். டொக்டர் சொல்லுவார்.'
'பன்ரெண்டு வீட்டுத் தவணை நிக்குது,' என்றார்,
என்னிடமோ காலிடமோ தெரியவில்லை.
வண்டி திரும்பியது.
முன் சில்லு ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போனது.
எண்ணெய் விடச் சொல்ல வேண்டும்.