எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்

நவம்பர் முடிவில் எங்கள் தீவைவிட்டுச்
சூரியன் போய்விடும்.
கோபித்துக்கொண்டு அல்ல,
அதற்கு வேறு ஊர்களிலும் வேலை.
ஜனவரியில் அது திரும்பும்வரை
நாங்கள் பள்ளிக்குப் போவது
பனி வழிக்கும் வண்டியின் விளக்கில்,
முதுகில் தைத்த மினுக்குப் பட்டையோடு.
வெளிச்சம் பட்டால் பட்டை பளிச்சென்று பதில் சொல்லும்:
இங்கே ஒரு பிள்ளை இருக்கிறது.

இரண்டாம் வகுப்பில் பதினேழு பேர்.
மணி அடித்ததும் கதவருகே உயர வரிசை.
முன்னாலிருந்து எண்ணிக்கொண்டே போவோம்.
குன்வோர் டீச்சர் உள்ளே
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் காயப்போட்டபடி,
எங்கள் சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறப்பார்.
எண்ணைக் காது கொடுத்துக் கேட்டாரா, தெரியாது.

ஐலிஃப் ஒன்பது. நான் பத்து.

ஒரு திங்கட்கிழமை ஹோகொன் சொன்னான்:
"புது விளையாட்டு. ஐலிஃப் இங்கே இல்லை."
அவ்வளவுதான் விதி.
அவன் பேசினால், காற்று.
அவன் பனியில் வழுக்கினால், யாரும் விழவில்லை.
அவன் "ஒன்பது" என்றதும்
நானும் "ஒன்பது" என்று சொல்ல வேண்டும்.

சொன்னேன்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
அந்தச் சிரிப்பு மட்டும்
மீன்முள் மாதிரி தொண்டையில் குறுக்கே நின்றது.

யாரும் அவனை அடிக்கவில்லை.
பட்டப்பெயர் வைக்கவில்லை.
கிள்ளிய தழும்பு இல்லை, கிழிந்த பை இல்லை.
"என்னடா ஆயிற்று?" என்று அவன் அம்மா கேட்டால்
எதைத் தூக்கிக் காட்டுவான்?

செவ்வாய், "ஒன்பது" என்றான்.
புதன், கொஞ்சம் மெதுவாக.
வியாழன், உதடு மட்டும்.
வெள்ளிக்கிழமை அவன் சொல்லவே இல்லை.
எட்டுக்கு அடுத்து நேராக என் ஒன்பது.
ஹோகொனுக்குப் பெருமை தாங்கவில்லை:
"பார்த்தீர்களா, தானாகவே கற்றுக்கொண்டான்!"

அன்று இரவு போர்வைக்குள் யோசித்தேன்.
விளையாட்டு என்றால் முறை மாறும்.
இதில் தினமும் அவன்தான்.
கண்ணாமூச்சியில் ஒளிந்தவனைத் தேடுவார்கள்.
இவனை யார் தேடினார்கள்?

டீச்சரிடம் சொன்னால் கோள் சொல்லி என்பார்கள்.
ஒருவனை மாட்டிவிடச் சொன்னால் கோள், சரி.
மாட்டிக்கொண்டவனை எடுத்துவிடச் சொன்னால்
அதற்கு என்ன பெயர்?
தெரியவில்லை. தூங்கவும் முடியவில்லை.
அடுத்த வாரம் "தோரா இங்கே இல்லை" என்று ஆகிவிட்டால்?
நான் தோரா.

திங்கள். காற்று கொடிக்கம்பத்தை உலுக்கியது.
"எட்டு" என்றாள் சிஸ்ஸெல்.
ஐலிஃப் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எல்லோரும் என் ஒன்பதுக்குக் காத்திருந்தார்கள்.
வயிற்றுக்குள் என்னவோ புரண்டது.

"பத்து" என்றேன்.

எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது,
சரியாக ஐலிஃப் அளவுக்கு.
அதில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.
பின்னால் யாரோ தயங்கி, "பதினொன்று."
பிறகு பன்னிரண்டு.
கடைசியில் நெட்டை பேடர், எதுவும் புரியாமல்,
ஒரு வாரமாகக் காணாமல் போன தன் எண் கிடைத்த குஷியில்
"பதினேழு!" என்று கத்தினான்.

கதவு திறந்தது.
நான் உள்ளே போகவில்லை.
"டீச்சர், ஒன்று சொல்ல வேண்டும்.
நானும் செய்தேன்" என்று ஆரம்பித்தேன்.
கையுறைகளைக் கீழே வைத்துவிட்டு
அவர் என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்,
கடைசிவரை, குறுக்கே பேசாமல்.

பிறகு ஹோகொனோடு தனியாகப் பேசினார்கள்.
அவனும் அழுதானாம். ஏனென்று எனக்குத் தெரியாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
மறுநாள் பந்து என் பக்கம் வரவே இல்லை.
சுவரோரம் ஒரு பனிக்கட்டியை உதைத்துக்கொண்டிருந்தேன்.
அது உருண்டு போனது,
உருண்டு திரும்பி வந்தது.
எதிரே ஐலிஃப்.

"உன் பத்து ரொம்பக் கத்தல்" என்றான்.
"உன் ஒன்பது கேட்கவே இல்லையே" என்றேன்.
மணி அடிக்கும்வரை உதைத்தோம்.

வரிசையில் அவன் முதுகுப் பட்டை
வாசல் விளக்கில் மினுங்கியது.
சூரியன் வர இன்னும் பத்தொன்பது நாள்.
சிஸ்ஸெல் எட்டு சொன்னாள்.
அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.