விடு

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
பஞ்சர் கடை மாடியில் என் அறை.
ஒரு கட்டில், நாலு துண்டு,
கேள்விகள் அச்சடித்த தாள்:
சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா,
அண்மையில் காய்ச்சல், ஆபரேஷன், எலும்பு முறிவு,
தொட வேண்டாம் என நினைக்கும் இடம்?
லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர்கள் மாதிரி
எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடிப்பார்கள்.

குமுளி வண்டி வீரணன் தாளைப் பார்க்கக்கூட இல்லை.
"கெண்டைக்கால்ல ரத்தங் கட்டியிருக்கு காசிமு,
நல்லா உருவி விடு."

உருவி விடு, நீவி விடு, அமுக்கி விடு,
பிடிச்சு விடு.
இந்தத் தொழிலில் எதைச் சொன்னாலும்
விடு என்றுதான் முடிகிறது.
படித்த பாடத்தில் அதற்குத் தனிப் பக்கம் கிடையாது.

வருடல் முதலில். உள்ளங்கை முழுசாய்,
பாதத்திலிருந்து இதயத்தின் திசைக்கு.
பிசைதல் அப்புறம்,
பரோட்டா மாவு கையில் ஒட்டாத பதம் வரை.
தட்டல் சதையில் மட்டும்;
முதுகெலும்பில் கூடாது, சிறுநீரகத்தின் மேல் கூடவே கூடாது.
முழங்காலின் பின்குழியில் நாளம் மேலாகவே ஓடுகிறது,
சுற்றிப் போ.
பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டுக்கொண்டே இரு.
ஆம்பளைகள் மூன்று என்பார்கள்.
நீ கால் பெருவிரலைப் பார்,
அது மடங்கினால் ஏழு.

துண்டை விலக்கினேன்.
இடது கால் வலதைவிடத் தடித்து, மினுமினுத்து.
புறங்கையை வைத்தேன்,
கம்பத்திலிருந்து நிற்காமல் வந்த எஞ்சின் மூடி.

எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன்.

"தொடக் கூடாதுண்ணே."
"தொடத்தானய்யா முந்நூறு ரூவா?"
"ரத்தங் கட்டுனது வேற, ரத்தம் கட்டியானது வேற.
இது எதுன்னு நான் சொல்லக் கூடாது, ஸ்கேன் சொல்லணும்.
கட்டியா இருந்து நகந்துச்சுன்னா
நெஞ்சுக்குள்ள போய் அடைச்சிரும்."
"இருபது வருசமா பிரேக் மிதிச்ச காலு" என்று
தானே தேய்க்கக் குனிந்தார்.

அன்றைக்கு நான் பிடித்தது
அவர் மணிக்கட்டை மட்டும்.

பஞ்சர் கடைப் பையனும் நானும்
நாற்காலியோடு இறக்கினோம்.
படி குறுகல், வசவு அகலம்.
ஆட்டோ பாலம் ஏறிப்
பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பும்வரை நின்றேன்.

துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை,
மடித்து வைத்தேன்.
செய்த சிகிச்சை என்ற கட்டத்தில்
விட்டேன் என்று எழுதி,
தப்பாகப் படுமே என்று அடித்தேன்.

கீழே, டிரைவரைக் காணோம் என்று
கண்டக்டர் இரண்டாம் முறை விசில் ஊதுகிறார்.