நுனிப்புல்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு
நெப்ராஸ்காவில் என் சலவைக்கடை திறக்கும்.
பதினோரு எந்திரங்கள். ஒன்பது ஓடும்.
செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை
ட்வைலா ஹ்ருபிதான் முதலில் எடுப்பாள்,
உலர்த்தியின் சூடான மூடிமேல் விரித்து
உள்ளங்கையால் நீவுவாள்.
நான்கு கட்டங்கள். அவற்றுள் ஓர் ஆடு.

ஹார்லன் என்று பெயர். மூக்குக்கண்ணாடி உண்டு.
புத்தகம் தின்பான்,
பதினாறு வருடமாக வேறு வேலை கிடையாது.
வருமானவரிப் படிவத்தைத் தின்றுவிட்டு
'உப்பு கூடிப்போச்சு' என்பான்.
சமையல் புத்தகத்தைத் தின்றுவிட்டுப்
பசிக்கிறது என்பான்.
ஆடு தொடா இலை என்று ஒன்று உண்டு;
இவன் தொடாத ஏடு இல்லை.

இதற்கெல்லாமா சிரிப்பீர்கள் என்றால்
ஆமாம், இதற்குத்தான்.
தானிய லாரி ஓட்டும் மெர்ல் ஓஸ்டர்கார்ட்
சிரித்துத் தும்மி
ஒரு டப்பா சோப்புத்தூளைக் கவிழ்த்திருக்கிறான்.

அந்த மார்ச்சில் பள்ளிக் குழு
நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்துவிட்டது.
நூற்றுப் பத்து வயதான நாவல்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்
ஒரு முத்தம் இருக்கிறதாம்.
ஐந்துக்கு இரண்டு வாக்கு.

மெர்ல் எங்கிருந்தோ ஒரு பிரதி பிடித்தான்.
சோளம் இறக்கக் காத்திருக்கும் வரிசையில்
ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்து
முத்தத்தைத் தேடி முழுதும் வாசித்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டில் முத்தம் இல்லை.
மழையில் ஒரு கழுதையைப் புதைக்கிறார்கள்.
'வேற பதிப்பா இருக்கும்' என்றாள் ட்வைலா.
'இருக்கட்டும். கழுதைக்கு நான் அழுதேன்' என்றான்,
எந்திரத்தின் கண்ணாடிக்குள் பார்த்தபடி.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
ஹார்லன் ஒரு புத்தகத்தைத் தின்னவில்லை.
முதல் கட்டத்தில் முகர்கிறான்.
அடுத்ததில் மூக்கால் ஒரு தாளைப் புரட்டுகிறான்.
அப்புறம் இருட்டு, ஒரு விளக்கு.
கடைசியில் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறான்.
வசனம் இல்லை. அட்டையில் பெயரும் இல்லை.

கடை இரண்டுபட்டது.
ருசி பிடிக்கவில்லை என்றாள் ஆர்டிஸ்.
மை ஒத்துக்கொள்ளவில்லை என்றது வேறொரு குரல்.
'நம்ம கழுதை நாவல்தான், தடிமனைப் பாரு'
என்று மெர்ல் என்னிடம் அளவுகோல் கேட்டான்.

அப்போது லவோன் பிட்னர் உள்ளே வந்தாள்,
கூடை நிறையத் துண்டுகளோடு.
வீட்டு எந்திரம் பழுதாம்.
கை தூக்கிய ஐவரில் ஒருத்தி.

பேச்சு நின்றது. தண்ணீர் மட்டும் சுற்றியது.
காசு போட்டாள். கொஞ்சம் நின்றாள்.
உலர்த்திமேல் கிடந்த தாளைப் பார்த்து
'இன்னிக்கு ஹார்லன்...' என்று தொடங்கினாள்.
பதினாறு வருடமாகக் கத்தரித்துக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிறாளாம்.
'தின்னா தீந்துடுமேன்னு பயம்' என்றாள்,
'வேறென்ன?'

அதைவிட நல்ல பதில் எவரிடமும் இல்லை.
உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது,
அவள் சரியாகச் சொன்னதற்கு.

'அந்த நாவலப் படிச்சீங்களா?' என்றான் மெர்ல்.
'அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தாங்க.'

நுனிப்புல்.
ஆடுகூட அடிவரை போகும்.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை;
கடை நடத்துகிறவன்.

மெர்ல் எழுந்து, புத்தகத்தை
அவள் துண்டுக்கூடை அருகே வைத்தான்.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.
பதினான்கு துண்டுகள், மூலைக்கு மூலை,
மடித்து முடித்து
கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.
மேசையில் ஒரு காலுறை கிடந்தது.
புத்தகம் இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சில்லறை மாற்ற வந்தாள்.
கையில் துணி இல்லை.
'அந்தக் கழுதைய அவ்வளவு சீக்கிரம்
சாகடிச்சிருக்க வேண்டாம்' என்றாள்,
நாணயங்களை எண்ணிக்கொண்டே.

ஜூனில் மறுபடி வாக்கெடுப்பு.
மெர்ல் கடைசி வரிசையிலிருந்து எண்ணினான்:
ஐந்துக்கு இரண்டு.
அவள் கையும் தூக்கியிருந்தது.

புத்தகத்தை
இன்னும் திருப்பித் தரவில்லை.